ஆவுடையப்பன் யார் பிள்ளை?

ஆவுடையப்பன் மறுநாள் காவி உடுத்த வேண்டும். அவன் சேரும் மடத்தில் அதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. தாயை விழுந்து கும்பிட்டு விடைபெற வேண்டும். மற்றவர்களுக்கு அது எளிதான காரியம். அவனுக்கு மட்டும் அது பெரிய சிக்கல்.

வந்திருந்த தாய்மார் இரண்டு பேர். பெற்றவள் இசக்கியம்மாள்; ஐந்தாவதாகப் பிறந்தவனைப் பிள்ளையில்லாத தன் தோழி சண்முகவடிவுக்குக் கொடுத்துவிட்டாள். கைக்குழந்தையாக வாங்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வளர்த்தவள் வடிவு. ஒருத்தி காலில் விழுந்தால் இன்னொருத்தி மனசு உடைந்து ஊர் திரும்புவாள்.

முப்பத்தெட்டு வயதுக்காரன் குருவிடம் ஓடினான். குரு அவனைவிட இரண்டு வயது இளையவர். கேலிக்குக் குறைச்சலில்லாதவர்.

“சாமி, நான் யார் பிள்ளை?”

“பாடு, பார்ப்போம்,” என்றார் குரு.

இரண்டு பெண்களையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் பதிகம் ஒன்றைப் பாடி முடித்தான். இசக்கியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“ஏம்மா அழுறீங்க?” என்று குரு கேட்டார்.

“இது என்னப் பெத்த அய்யா கொரலு சாமி. ஒசரப் போகையில கரகரங்குமே, அதுகூட அப்படியே இருக்கு. இவன் அவரக் கண்ணால பாத்ததே கெடையாது.”

வடிவு சும்மா இருப்பாளா? “வரிக்கு வரி நிறுத்தி மூச்சு வாங்குதாம்லா, அது நான் பழக்குனது சாமி. சின்னதுல இவனுக்கு இளைப்பு. முதுகத் தட்டித் தட்டித்தான் பாட வச்சேன்.”

இசக்கியம்மாள் சட்டென்று திரும்பினாள்.

“இளைப்பும் எங்க அய்யாவுக்கு உள்ளதுதான் வடிவு. அவரு பாட்ட அதுதான் நிறுத்திச்சு. நீ இல்லன்னா இவனுக்கும் நின்னுருக்கும். நீ நல்லா இருக்கணும்.”

“கொரல நீதானக்கா குடுத்த,” என்று வடிவு கைகூப்பினாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

குரு விடவில்லை. “சரி, கடைசி வரியில கண்ண மூடித் தனக்குள்ள சிரிச்சானே, அது யாருது?”

இருவரும் யோசித்தார்கள்.

“எங்க வீட்டுல அப்படி யாரும் சிரிச்சதில்ல,” என்றாள் இசக்கியம்மாள்.

“நானும் சொல்லிக் குடுக்கல,” என்றாள் வடிவு.

“அந்தச் சிரிப்புக்காரனத்தான் மடம் கேக்குது. தருவீங்களா?”

“கூட்டிக்கிடுங்க சாமி,” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஆவுடையப்பன் நன்றியோடு நினைத்துக்கொண்டான். முகம் பார்க்காத தாத்தாவையும் சேர்த்து எத்தனை பேர் கூடித் தன்னை ஆளாக்கியிருக்கிறார்கள்! கும்பிட எழுந்தான். இரண்டடி வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். முதலில் யார் காலில்?

“சாமி...” என்று இழுத்தான்.

குரு பெண்கள் பக்கம் திரும்பினார்.

“கொஞ்சம் நெருங்கி உக்காருங்கம்மா. ஒரே தடவை விழட்டும்.”