படலுக்கு வெளியே நின்ற முள்ளி

நடுவே ஆறு ஓடும் ஒரு காட்டில், தென்கரையில் முள்ளி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்தாள். வள்ளிக்கிழங்கு தோண்டுவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. கோபத்திலும்தான்!

வடகரை விலங்குகள் ஒரு கூட்டணி வைத்திருந்தன. கூட்டணிக்காரர்கள் அந்தக் கரைச் சந்தைக்குள் சும்மா நுழையலாம். வெளியார் கூடையில் பாதியை வாசற்படலிலேயே மந்தி எடுத்துக்கொள்ளும். மிச்சக் கிழங்கைக் கொடுத்துத்தான் முள்ளி மழைக்காலத்துக்கு மூங்கிலரிசி வாங்கி வருவாள்.

அந்த வருஷம் மலைப்பன்றிகளும் கூட்டணியில் சேர்ந்தன. அவையும் கிழங்கு கொண்டுவந்தன. வழக்கமாக மூங்கிலரிசி கொடுத்துக் கிழங்கு வாங்கும் யானை, முள்ளியின் கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“பன்றிகளின் கிழங்கு வெறும் நார், யானையண்ணா! நாக்கு அரிக்கும்!”

“அரிக்கத்தான் செய்கிறது, தாயி. ஆனால் அவர்கள் கூடை நிறைந்து வருகிறது. உன்னுடையது பாதியாக வருகிறதே!”

“பாதியாக்கியது யார்? உங்கள் மந்திதானே?”

மந்தி தலையைச் சொறிந்தது. “உனக்கு நாங்கள் ஒரு கெடுதலும் செய்யவில்லையே. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.”

“உங்கள் வீட்டில் விருந்து என்றால் என் வீட்டு அடுப்பு ஏன் அணைய வேண்டும்?”

மந்தி அடுத்த கூடைக்குத் திரும்பியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வளையில் இரண்டு குட்டிகள். ஒரு பிடி அரிசி கிடையாது.

முட்கள் சிலிர்க்க வீடு திரும்பினாள். வளைக்கு முன்னால், மேட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை மறித்து, உதிர்ந்த தன் முட்களை அவள் வேலியாக நட்டிருந்தாள். அங்கே நீர்நாய் மீன்கூடையோடு நின்றது.

“பாதியை வைத்துவிட்டுப் போ!” என்றாள் வழக்கம்போல.

நீர்நாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, அங்கே நீ கத்தியது இந்தக் கரைவரை கேட்டது. சரியான கேள்வி! ஆனால் மீனே தின்னாத உனக்குப் பாதி மீன் எதற்கு? போன தடவை எடுத்தது அதோ, மூலையில் நாறுகிறது. மேட்டில் கரடி இலுப்பைப்பூவைக் குவித்து வைத்துக்கொண்டு மீனுக்கும் கிழங்குக்கும் ஏங்குகிறது. அதுவும் உன்னைப்போல வேலி போட்டிருக்கிறது.”

முள்ளி மூலையில் நாறும் மீனைப் பார்த்தாள். குனிந்து முதல் முள்ளைப் பிடுங்கினாள்.

அதைப் பார்த்துக் கரடியும் தன் வேலியைப் பிரித்தது. அந்த மழையில் குட்டிகள், கிழங்குக்குக் கரடி கொடுத்த இலுப்பைப்பூவைத் தின்று வளர்ந்தன.

மழை விட்டதும் மூங்கிலரிசியோடு யானை ஆற்றைக் கடந்து வந்தது. நாக்கு வீங்கியிருந்தது. பாதையருகே தயங்கி நின்றது.

“வாசலில் எவ்வளவு வைக்க வேண்டும், தாயி?”

“பாதி கேள், அக்கா!” என்று கிசுகிசுத்தது நீர்நாய்.

“இங்கே வாசலே இல்லை, அண்ணா. உள்ளே வாருங்கள்,” என்றாள் முள்ளி. “திரும்பிப் போனதும் இதை மட்டும் உங்கள் மந்தியிடம் சொல்லுங்கள்.”

நீதி: அடுத்தவர் வேலி நம்மை வாட்டும்போது தட்டிக் கேட்க வேண்டும், நம் பாதையில் நாமே நட்ட முள்ளையும் பிடுங்க வேண்டும்.