புட்டு முகம் திருப்பிய நாள்

அங்கமுத்து முப்பது வருஷம் கோவையில் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே அவர் மனைவி ருக்மணிக்குப் பக்கவாதம் வந்தது. படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அந்த அம்மாளின் விரல்கள் ஒன்றே ஒன்றுக்குத்தான் அசைந்தன. காலடியில் சுருண்டு படுத்திருந்த சின்ன வெள்ளை நாய்க்கு. அதன் பெயர் புட்டு.

ருக்மணி போன பிறகு அங்கமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களிடம் புட்டுவைக் கொண்டுபோக வேண்டும்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு நாய்களைப் பழக்கி அழைத்துப் போகிறவள் மெகருன்னிஸா. வயது முப்பத்திரண்டு. அங்கமுத்துவுக்கு மகள் வயது. புட்டுவோடு இல்லத்துக்கே போய் அவளைப் பார்த்தார். டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"ஊசியெல்லாம் போட்டாச்சுங்க டீச்சர். உட்காருன்னா உட்காரும். கை குடுன்னா குடுக்கும். யார் தூக்கினாலும் கடிக்காது. எப்பங்க ஆரம்பிக்கலாம்?"

"வேண்டாம்னு சொல்லத் தெரியுமாங்கண்ணா அதுக்கு?"

"அதெல்லாம் சொல்லாதுங்க. என்ன சொன்னாலும் கேட்டுக்கும்."

மெகருன்னிஸா ஓரமாக நின்ற சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இதுல உட்காருங்க. பத்து நிமிஷம். பேசக் கூடாது."

அவர் உட்கார்ந்தார். அவள் நாற்காலியை வெயிலுக்குத் தள்ளினாள். பிறகு நிழலுக்கு. ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். காலைத் தூக்கி வேறு பக்கம் வைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள். வழியே போன செவிலியர் ஒருத்தியைக் கூப்பிட்டு, "தாத்தா எப்படி இருக்கார் பாருங்க" என்றாள். அந்தப் பெண் அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ஈரத்துணி இரண்டாம் முறை வந்தபோது அங்கமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெகருன்னிஸா துணியைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம்னு சொன்னது கேட்டுதுங்கண்ணா" என்றாள்.

அவர் எழுந்து வெகுநேரம் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் விடாமல் வந்தார். மழை பெய்த நாளும் வந்தார். புட்டுவைப் பையில் வைத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். சக்கர நாற்காலி அருகில் வந்தால் புட்டு நடுங்காமல் நிற்கப் பழகியது. கைத்தடி கீழே விழும். தட்டு விழும். மிரளக் கூடாது. தரையில் கிடக்கும் மாத்திரையை முகரக் கூடாது. இதெல்லாம் புட்டு மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டது.

அங்கமுத்துவின் பாடம் அதைவிட நீண்டது. தூக்கம் வராதபோது நாய் கொட்டாவி விட்டால் என்ன அர்த்தம். மூக்கை நக்கினால், முன்கால் ஒன்றைத் தூக்கினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால் என்ன அர்த்தம். நாய் வேண்டாம் என்று சொல்லும் விதங்கள் என்று எல்லாவற்றையும் அவர் ஒரு நோட்டில் எழுதினார். பஸ்ஸில் திரும்பிப் போகும்போது மடியிலிருந்த புட்டுவையே பார்த்துக்கொண்டு போனார்.

ஏழாம் வாரம் இல்லத்து நோயாளி ஒருவரைப் பார்க்க அழைப்பு வந்தது.

தெய்வானை என்ற அம்மாள். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நாவுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். ஆனால் எட்டு மாதமாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கமுத்து உள்ளே போனபோது கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். வாசலோரம் மெகருன்னிஸா பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் செல்போனைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தான்.

"அம்மாவுக்கு நாய்னா உசிருங்க. கட்டில் மேலேயே விட்டுடுங்க."

புட்டு மூக்கை நக்கியது. முன்கால் ஒன்று மேலே எழுந்தது. அங்கமுத்து தெய்வானையின் கைப்பக்கம் நீட்டியபோது அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சும்மா வைங்க சார். வச்சாச் சரியாயிரும்" என்றார் யாரோ.

வைத்தால் இருந்துவிடும். அது அங்கமுத்துவுக்குத் தெரியும். என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் நாய் அது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஏழு வாரம் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தார். ருக்மணியின் கை போலவே இருந்தது.

அவர் புட்டுவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க. இன்னிக்கு இதுக்கு வேண்டாமாம்."

"நாய் சொல்லுச்சுங்களா?" என்று மகன் சிரித்தான்.

"ஆமாங்க" என்றார் அங்கமுத்து. வெளியே வந்துவிட்டார்.

வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். புட்டுவுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தார். அரைமணி நேரம் கழித்து மெகருன்னிஸா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் போச்சுங்க டீச்சர்."

"ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"அது சொல்லுச்சு. கேட்டுப்போச்சு. அதுக்கப்புறம் எப்படிங்க வைக்கறது?"

அவள் தலையசைத்தாள்.

"நீங்க வெளியே வந்ததும் அந்தம்மாவுக்குக் கஞ்சி கொண்டு வந்தாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. வேண்டாம்னாங்க."

அங்கமுத்து நிமிர்ந்தார். "வாயைத் தொறந்தா?"

"வாயைத் தொறந்து. மகன் மறுபடியும் கரண்டியை நீட்டினான். நான் கிண்ணத்தை வாங்கி வெளியில வச்சுட்டேன். என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், அந்த நாய் நாளைக்கு வருமான்னு கேட்டாங்க."

புட்டு தண்ணீரைக் குடித்து முடித்து அவர் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. அங்கமுத்து அதன் முதுகைத் தடவினார்.

"வர்றேங்க. முதல் பஸ்ஸுக்கே வர்றேன். ஆனா நாளைக்கும் இது முகத்தைத் திருப்பிக்கிட்டா?"

"நானும் அதைத்தாங்கண்ணா அவங்ககிட்டக் கேட்டேன். திருப்பிக்கிட்டாத் திருப்பிக்கட்டும், அந்த நாய்தான் வேணும்னாங்க."