செண்பாவின் பதக்கம் யார் கழுத்துக்கு?

கோவில்பட்டியில் பிறந்த பிள்ளை ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளர்ந்தால்தான் ஆச்சரியம். அதனால் தையல்காரி கோமதியின் மகள் செண்பகவல்லி பள்ளி அணியில் சேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அவளுக்கு அதற்கு நேரம் கிடைத்ததுதான் அதிசயம். ஏனென்றால் வீட்டில் செண்பாவுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது.

தம்பி பூவநாதனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பூவன் என்று கூப்பிடுவார்கள். வாய் ஓயாத சுட்டிப்பயல். "அக்கா, இப்ப என்ன?" என்பான், செண்பா சொல்ல வேண்டும். டிவி நாடகத்தில் யார் யாரை முறைக்கிறாள், தேர் எந்த முக்கில் நிற்கிறது, பஸ் ஜன்னலுக்கு வெளியே என்ன ஓடுகிறது, எல்லாம் அக்கா வாயால்தான் அவனுக்கு. "எங்க செண்பா இருக்கையில எங்களுக்கென்ன கவலை" என்று பெற்றவர்கள் ஊரெல்லாம் பெருமை பேசுவார்கள். பேசுவதில் குறைச்சலே இல்லை! சொல்லிச் சொல்லி அந்தப் பெண் ஒரு படத்தைக்கூட நிம்மதியாகப் பார்த்ததில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

பள்ளிகளுக்கிடையே நடந்த ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவள் அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு நீ மட்டும் வா. பூவன் வேணாம்."

கோமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் தாயி? தம்பி என்ன பண்ணினான்?"

"அவன் ஒண்ணும் பண்ணல. அவன் வந்தா நீ அவனையேதான் பாப்ப. ஒரே ஒரு நாள் என்னையப் பாரும்மா. நான் கோல் போட்டு மெடல் வாங்குனா, நான் அடிக்கையில என்னைய யாரு பாத்தாங்களோ அவங்க கழுத்துல போடுவேன்."

"சத்தியமா உன்னையத்தான் பாப்பேன்" என்று கோமதி வாக்குக் கொடுத்துவிட்டாள். பூவனை அப்பா குருசாமி வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மறுநாள் முதல் பாதி முழுக்கக் கோமதி மகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெயிலில் கண்ணீர் வந்தபோதுகூடத் துடைக்க யோசித்தாள். இரண்டாம் பாதியில் வந்து சேர்ந்தார் குருசாமி. அக்கா ஆடுவதைப் பிள்ளை காதாலாவது கேட்கட்டுமே என்று மனசு கேட்கவில்லையாம்! நல்ல மனசுதான். ஆனால் அந்த மனுஷனுக்கு நல்ல மனசு வருகிற நேரம் இருக்கிறதே! பூவனைப் பார்வையாளர் படியில் இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்தப் போய்விட்டார்.

பழக்கமில்லாத படியில் பூவன் காலைத் துழாவினான். "அம்மா!" என்றான். கோமதி திரும்பி அவன் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் கோல் பலகையில் பந்து "டங்" என்று மோதியது.

"அக்கா கோல்!" என்று பூவன் குதித்தான்.

"கண்ணு தெரியாத பிள்ளை கண்டுபிடிச்சிருச்சே!" என்று கூட்டம் மொத்தமும் அவனைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் ஐஸ் வாங்கிக் கொடுத்தார், ஒருவர் அவனோடு செல்ஃபி எடுத்தார். அந்த ஒரே கோலில் அணி ஜெயித்தது. பதக்கத்தோடு வந்த செண்பா அந்தக் கூட்டத்துக்கு வெளியே மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்த பிறகுதான் கேட்டாள்.

"நான் அடிக்கையில என்னைய யாரு பாத்தீங்க?"

குருசாமி முந்திக்கொண்டார். "நான் பாத்தேன் தாயி! ரெண்டு பேரை ஏமாத்திட்டுப் போயி, இடது மூலையில போட்ட பாரு, அடேயப்பா!"

"இல்லக்கா, வலது மூலை" என்றான் பூவன். "கொல்லைச் சுவத்துல அடிக்கும்போது விடுவல்ல, அதே மாதிரி 'ம்ம்'னு மூச்சு விட்ட. அப்புறம் வலப்பக்கமா டங். நான்தான் கண்டுபிடிச்சேன்!"

அட, அவன் சொன்னது அத்தனையும் சரி. செண்பா அம்மாவைப் பார்த்தாள்.

கோமதிக்குத் தலை சுற்றியது. ஆமாம் என்று தலையாட்டினால் மகள் முகம் மலரும். தம்பிக்கே போடு என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். உண்மையைச் சொன்னால் பிள்ளை மனசு உடைந்துபோகும். எது பாசம், எது துரோகம் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மகளை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நான் பாக்கல தாயி. அந்த நேரம் தம்பி பக்கம் திரும்பிட்டேன்."

செண்பாவின் முகம் சுருங்கிப் போனது. பதக்கத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பிள்ளை சந்தோசத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று குருசாமி சீறினார். கோமதிக்கும் அப்படித்தான் பட்டது.

மகளைக் குளிர்விக்கப் பொய் சொன்ன அப்பா, பார்க்காமலே சரியாகச் சொன்ன தம்பி, வாக்குத் தவறியதை ஒப்புக்கொண்ட அம்மா. இதில் யார் செய்தது சரி? அந்தப் பதக்கம் யார் கழுத்துக்குப் போக வேண்டும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: தம்பிக்கு என்று சொல்ல வாய் துடிக்கும். மைதானத்துக் கூட்டமும் அதைத்தான் செய்தது. அவள் போட்ட கோல் அவனுடைய சாமர்த்தியமாகிவிட்டது. அவன்மேல் குற்றமில்லை. அக்காவை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டவன் வேறு யார்? ஆனால் கோல் எந்த மூலையில் விழுந்தது என்று செண்பா கேட்கவில்லையே. அடித்தவளுக்கு அது தெரியாதா? இடது மூலை என்றதுமே அப்பாவின் பொய்யும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தன்னை யார் பார்த்தார்கள் என்றுதான் கேட்டாள். அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னவள் அம்மா ஒருத்திதான். ஆக, சரியாகச் செய்தவள் அம்மாதான். பதக்கம்தான் இன்னும் அவளுக்கு உரியதாகவில்லை. அது கோமதிக்கும் தெரியும். வந்த ஞாயிற்றுக்கிழமை, பூவனுக்கு டிவி நாடகம் சொல்கிற வேலையைக் குருசாமி தலையில் கட்டிவிட்டு, மகளோடு காலி மைதானத்துக்குப் போனாள். "இப்ப அடி தாயி" என்றாள். செண்பா அடித்தாள். பந்து கம்பத்துக்கு வெளியே எங்கோ போயிற்று. அம்மா பந்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பா சிரித்துக்கொண்டே பையிலிருந்து பதக்கத்தை எடுத்தாள்.