இடதுபக்க இருக்கை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து நான்கு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சிங்காநல்லூரில் அவர்களுடைய ஒர்க்‌ஷாப் இருக்கும் தெரு இரண்டு வருஷத்துக்கு முன்பே சிரித்து ஓய்ந்துவிட்டது.

குரு பிலோமினா. வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் வேலை மட்டும் பார்ப்பார். பந்தயக்காரர்கள் பெங்களூரிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். பேச்சு கம்மி. கேள்வி கேட்டால் வாயிலிருந்து பதில் வராது, கையில் ஏதாவது வேலை வந்து சேரும்.

சீடர் திருவேங்கடம். பம்ப்செட் கம்பெனியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார். "எனக்கும் கத்துக் குடுங்க டீச்சரம்மா" என்றார். ஆசை அறுபது நாள் என்பார்கள். அறுபது வயதுக்கு மேல் பிடித்த ஆசைக்கு அந்தக் கணக்கு செல்லாது போலிருக்கிறது.

இந்தத் தை மாதம் அவருடைய பழைய வண்டி திரும்பக் கிடைத்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஏறி உட்கார்ந்தால் காலை நீட்டிப் படுத்த மாதிரி இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இளவயதில் மலைரோட்டு ரேலிகளில் அவர் ஓட்டியது அதைத்தான். விற்ற பிறகு பல கை மாறி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தென்னை ஓலைக்கு அடியில் கிடந்தது. பார்த்ததும் அழுதுவிட்டார். அதை அவரே எல்லோரிடமும் சொல்கிறார்.

இன்ஜின் வேலை முடிந்தது. பெயின்ட் முடிந்தது. கடைசியாகப் புது சஸ்பென்ஷன் செட் வந்து இறங்கியது. அதிலிருந்த வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். குமிழைத் திருகினால் ஆட்டம் கெட்டியாகும், இளகும்.

திருவேங்கடமே மாட்டினார். நான்கு வளையங்களையும் அடிவரைக்கும் இறக்கினார். குமிழ்களைக் கடைசிவரைக்கும் முறுக்கினார். வண்டி தரையோடு படுத்துக்கொண்டது.

"எப்புடி இருக்குதுங்க டீச்சரம்மா?"

பிலோமினா குனிந்து டயருக்கு மேல் கையை விட்டார். ஒரு விரல்தான் நுழைந்தது.

"யாருக்காகங்க இவ்வளவு கீழ?"

"ஹபீபுக்காக."

பெயரைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. ஹபீப் அவருடைய நேவிகேட்டர். அந்த ரேலிகளில் சீக்கிரம் போனாலும் மார்க் போகும், தாமதமாகப் போனாலும் மார்க் போகும். சொன்ன நொடிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூரத்தையும் கடிகாரத்தையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே வருவார். ஓட்டுகிறவருக்குக் கைதட்டல், பக்கத்தில் இருப்பவருக்குப் பென்சில்.

"மூணு வருசம் ஒண்ணா ஓடுனோமுங்க. விடியக்காலம் குன்னூர் மலையேறுற வழியில பர்லியார்ல நிறுத்தி, பேனட்டு மேல டீ கிளாச வெச்சுக் குடிப்போம். மழ பேஞ்ச ரோடு, பலாப்பழ வாசம். அந்த மாதிரி ஒரு காலம் எனக்கு அப்புறம் வரவே இல்லீங்க."

"அப்பவும் இவ்வளவு கீழதானுங்களா?"

"மூணாவது வருசம் இறக்குனேன். ரேலிக்கு எல்லாரும் வண்டியத் தூக்குவாங்க. நான் ஸ்பிரிங்க ஒன்றரைச் சுத்து வெட்டிப் போட்டேன். வளைவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போச்சுங்க. அந்த வருசம் கப்பு எங்களுக்குத்தான்."

வண்டியின் கூரையை ஒருமுறை தடவினார்.

"அதோட அவன் நின்னுட்டான். கடையப் பாக்கோணும்னுட்டான். தோத்திருந்தாப் பரவால்ல. ஜெயிச்சதுக்கு அப்புறம் எதுக்குங்க போனான்? முப்பத்து நாலு வருசமா அது எனக்கு உறுத்திக்கிட்டே கெடக்குது."

பிலோமினா துணியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம அவனக் குன்னூருக்குக் கூட்டிட்டுப் போகோணும். வண்டி அச்சு அசலா அப்ப இருந்த மாதிரியே இருக்கோணும். அப்பத்தான் அவனுக்கும் பழசெல்லாம் வரும்."

"வர்றேன்னாருங்களா?"

"நாலு தடவ கேட்டேன். நாலு தடவையும் பாக்கலாம்ங்கறான்." குரல் இறங்கிவிட்டது. "ஆனா இதக் குடுத்து உட்டிருக்கான். வண்டியிலயே இருக்கட்டும்னானாம்."

காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டு. மூன்று வருஷ ரேலியும் அதில் இருந்தது. பிலோமினா அதைத் திறக்க, திருவேங்கடம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாசித்தார்.

"பாருங்க, அஞ்சு மணி பன்னெண்டு நிமிசம் நாப்பது நொடி. இங்க பாருங்க. ஒரு நொடி தப்பாதுங்க அவனுக்கு!"

பிலோமினா பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் "இன்று ஸ்பிரிங் வெட்டியது" என்று ஒரு வரி தனியாக இருந்தது. அதற்குப் பிறகு மெதுவாகப் புரட்டினார். திரும்ப முன்னால் போனார். மறுபடியும் பின்னால் வந்தார்.

"என்ன கடைங்க அவருக்கு?"

"வாட்ச் ரிப்பேருங்க. டவுன்ஹால் பக்கம். அவங்கப்பா காலத்துல இருந்து."

பிலோமினா நோட்டை மூடினார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமுங்க."

திருவேங்கடம் குழந்தை மாதிரி ஓடினார். வலதுபக்கக் கதவைத் திறந்தால், டீச்சரம்மா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அந்தப் பக்கமுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அந்த வண்டியில் இடதுபக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர்தான். ஆனால் குரு சொல்லிவிட்டார். சுற்றிக்கொண்டு போய் ஏறினார்.

பிலோமினா ஒரு தாளும் பென்சிலும் நீட்டினார்.

"வர்ற பஸ் ஸ்டாப் பேரு, மணி, நிமிசம், நொடி. எழுதிட்டே வாங்க."

இருகூர் ரோட்டில் வண்டி இறங்கியது. முதல் ஸ்டாப்பை எழுதினார். இரண்டாவது பேரில் பாதி எழுதும்போது தலை கூரையில் இடித்தது. தார் உடைந்த ஓரமெல்லாம் இடதுபக்கச் சக்கரத்துக்குத்தான் வந்தது. ஓட்டுகிறவருக்குக் குழி வருவது தெரியும், பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கும் இருக்கிறது. குனிந்து எழுதுகிறவருக்கு முதுகில்தான் தெரிகிறது. ஒவ்வொரு அடியும் இடுப்பில் ஏறி, கழுத்தில் நின்று, விரல் வரைக்கும் வந்தது.

"மெதுவாங்க டீச்சரம்மா!"

"நாப்பதுலதானுங்க போறேன்."

இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து இறங்கினார். கை தன்னுடையது மாதிரியே இல்லை. பிலோமினா டயர் காற்றை அளக்கும் மானியையும் அதன் மூடியின் குட்டித் திருகையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். காலையில் அதே திருகைப் பேசிக்கொண்டே மாட்டியவர் அவர்தான்.

"இத மாட்டிக் குடுங்க."

எடுத்தார். விழுந்தது. தேடி எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அது மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது.

"கை நடுங்குதுங்க," என்றார். "கொஞ்சம் பொறுத்து மாட்டறேன்."

பிலோமினா அவர் எழுதிய தாளை மேஜையில் விரித்தார். பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்தார். ஸ்பிரிங் வெட்டியதற்கு மறுவாரத்துப் பக்கம்.

இரண்டும் ஒரே கோழிக் கிறுக்கல்.

திருவேங்கடம் பக்கங்களை முன்னால் புரட்டினார். முதல் இரண்டு வருஷம் முத்து முத்தான எழுத்து. அந்த ஒரு வரிக்குப் பிறகு எண்கள் கோட்டை விட்டு எகிறியிருந்தன. அடித்து அடித்து எழுதியிருந்தது. சில இடத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. இத்தனைக்கும் நடுவில் நேரம் மட்டும் ஒரு நொடி தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேலி முடியும். திங்கட்கிழமை ஹபீப் அந்தக் கையோடுதான் கடைக்குப் போய், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, அரிசியைவிடச் சின்ன சக்கரங்களை எடுக்க உட்கார்ந்திருப்பான். எத்தனை திங்கட்கிழமை அப்படி உட்கார்ந்தானோ. கப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோதுகூடச் சிரித்துக்கொண்டுதானே நின்றான்.

திருவேங்கடம் நோட்டை மூடி வைத்தார். பிறகு எழுந்து ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

பிலோமினா உதவிக்கு வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. நான்கு வளையங்களையும் ஒவ்வொன்றாக மேலே திருகினார். நான்கு குமிழ்களையும் இளக்கினார். மதியச் சாப்பாடு தவறிப்போனது. முடித்துவிட்டு, க்ரீஸ் கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹபீபு, வண்டியத் தூக்கிட்டேண்டா."

"எவ்வளவு?"

"ரெண்டு இன்ச்சு. கெட்டியா இருந்ததையும் எளக்கிட்டேன்."

"அப்ப வளைவுல ஒட்டாதேடா, வெங்கிடு."

"ஒட்டாட்டிப் போவுது. மெதுவாப் போலாம்."

அந்தப் பக்கம் மேஜை டிராயரை மூடும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரட்டும்?"

"நாலரைக்கு வந்துரு. விடியறப்ப பர்லியார்ல இருக்கலாம்."

போனை வைத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு வருசம் முழுக்க என் பக்கத்துலயே உக்காந்திருந்தானுங்க டீச்சரம்மா. ஒரு முழந்தூரம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கியிருக்க மாட்டனா? எதுக்குங்க அவன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

பிலோமினா குனிந்து, மேஜைக்கு அடியில் கிடந்த திருகைத் தேடி எடுத்தார்.

"நீங்க அவருகிட்ட நேரத்த மட்டுந்தானுங்களே கேட்டீங்க."