விரிசலுக்கு நேர் கீழே

மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு விரிசல். அது வளர்கிறதா என்று கவனிக்கும் வேலையைச் சீடன் திருமேனியிடம் விட்டிருந்தார் மடத்தின் தலைவி மங்கையம்மை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டினான் அவன். சுவர் அசைந்தால் சில்லு உடையும்.

உடைந்தது. மேலாளர் பொன்னுரங்கத்திடம் போய்ச் சொன்னான். வேறு ஒட்டச் சொன்னார். அதுவும் உடைந்தது.

பிறகு ஒரு நாள் பார்த்தால் சுவரில் கண்ணாடியே இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"இது உடையவே உடையாது, பார்த்தியா?" என்று சிரித்தார் பொன்னுரங்கம். "குருபூசை நேரத்துல கூடத்தைப் பூட்டுங்கன்னு இனி வந்து நிக்காதே."

திருமேனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே மங்கையம்மையிடம் போனான். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அநியாயம் அம்மா! விரிசல்ல என் சுண்டுவிரல் நுழையுது. வளையுற பிளாஸ்டிக்கை ஒட்டிட்டுச் சுவர் நல்லாயிருக்குங்கிறார். மனுசனா அவர்? வெளியே அனுப்புங்க."

"பந்தி போட்டாச்சா?"

"போட்டாச்சு. அதே கூடத்துலதான்!"

"நீ எங்கே உட்காருவே?"

"வாசல் பக்கம்."

"மேற்குச் சுவர் ஓரமால்ல உட்காருவே?"

"அது முன்னாடி. முதல் சில்லு உடைஞ்ச அன்னிக்கே மாறிட்டேன். அதை விடுங்க அம்மா, இந்தப் பொன்னுரங்கம்..."

மங்கையம்மை எழுந்தார். இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தார். வெளியூர்ச் சனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விரிசலுக்கு நேர் கீழே ஒரு கிழவரும், கைக்குழந்தையோடு ஒருத்தியும். அவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க, நடுவில் இலையைப் போட்டு அமர்ந்தார்.

"அம்மா! அங்கே உட்காராதீங்க! சுவர் விழுந்துடும்! எல்லாரும் எழுந்திரிங்க, வெளியே வாங்க!"

திருமேனி போட்ட சத்தத்தில் பந்தி மொத்தமும் இலையை விட்டு எழுந்தது. பரிமாறுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த பொன்னுரங்கம் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் போய் நின்றார்.

கடைசி ஆள் வெளியேறிய பிறகே மங்கையம்மை வந்தார். கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"பார்த்தீங்களா அம்மா, முதல்ல ஓடினது யாருன்னு?" திருமேனிக்கு மூச்சு வாங்கியது.

மங்கையம்மையின் முகம் சிவந்திருந்தது.

"அவர் ரெண்டாவது ஆளு, திருமேனி. முதல் சில்லு உடைஞ்ச அன்னிக்கே ஒருத்தன் வாசல் பக்கம் ஓடிட்டான். பக்கத்து இலைக்காரனை அவன் எழுப்பினானா?"