சூடு போகும் பக்கம்

எஸ்தர் டீச்சரின் பட்டறை ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. அங்கே காற்று எப்போது அடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள்.

டீச்சர் முன்பு ஒரு தொழிற்பள்ளியில் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டபிறகு அடுப்பு, விளக்கு, பர்னர் என்று நெருப்போடு புழங்கும் சாமான்களை வடிவமைத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் இருக்காது.

கோலப்பன் அவரிடம் வந்து சேர்ந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. டீச்சரைவிட மூத்தவர். மலைமேல் ஒரு கிராம்புத் தோட்டத்தில், பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் இடையே ஓடும் தனி டெலிபோன் லைனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"ஒரு சந்தேகம் கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மலையில காத்து வயரை அறுத்துப் போடும். ஏறி முறுக்கி, ஈயம் வச்சுப் பத்தவைக்கணும். சால்டரிங் கோலைக் கீழ கரியடுப்புல பழுக்கவச்சு வாளியில கட்டி மேல இழுப்போம். கைக்கு வந்து சேரதுக்குள்ள அது ஆறிப்போகும். தனக்குள்ளயே நெருப்பை வச்சிக்கிட்டு, தானே சூடாகுற கோல் ஒண்ணு செய்ய முடியுமா?"

"முடியும்."

"எனக்கு ஒண்ணு செஞ்சு தாங்க."

"செஞ்சு தரமாட்டேன். வந்து செய்ங்க."

அப்படித்தான் அவர் சீடரானார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கி வருவார். பித்தளைக் குழாயைக் கைப்பிடியாக்கி, அதற்குள் பஞ்சை அடைத்துப் பெட்ரோல் ஊற்றினால் அதுவே டாங்க். கைப்பிடியின் நுனியில் ஒரு வால்வு. வால்வைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வந்து, காற்றோடு கலந்து, குழாய்க்குள்ளே நின்று எரியும். குழாயின் மூக்கில் செம்பு முனை. கேட்பதற்கு எளிதாக இருந்தது.

முதலில் செய்த கோல் வாசலுக்குக் கொண்டுபோனதும் அணைந்தது. காற்று புகாமல் இருக்கத் துளைகளை எல்லாம் அடைத்தார். இப்போது பட்டறைக்குள்ளேயே அணைந்தது.

"ஏன் டீச்சர்?"

டீச்சர் எரிகிற சிம்னி விளக்கின் வாயை ஒரு தகரத்துண்டால் மூடினார். சுடர் நீண்டது, கறுத்தது, அணைந்தது.

"அதுக்கும் மூச்சு விடணும் அண்ணாச்சி."

கோலப்பன் மூச்சு விடத் துளை வைத்தார். சுற்றிலும் வைத்தார். கோல் அணையவில்லை. ஆனால் எரிந்து தீர்ந்த சூடு பின்னால் திரும்பி வந்து கைப்பிடியைப் பழுக்க வைத்தது. கைப்பிடி சூடானால் டாங்க் சூடாகும். டாங்க் சூடானால் என்ன ஆகும் என்பதை டீச்சர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்பக்கத் துளைகளை அடைத்தார். ஒரு வளையத்தைத் தடுப்பாகப் போட்டார். மூச்சுத் துளைகள் அத்தனையையும் முன்பக்கம், செம்பு முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அன்றைக்குக் கணவாயின் நடுவில் நின்றுகொண்டு அவர் கோலைப் பற்றவைத்தார். காற்று வேட்டியை இழுத்தது. கோல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. ஈயம் தண்ணீராக ஓடியது.

டீச்சர் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கைப்பிடி ஜில்லுனு இருக்கு அண்ணாச்சி."

கோலப்பன் சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்துப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை.

ஆடி மாதக் காற்றில் லைன் அறுந்தது. கோலப்பன் புதுக் கோலோடு ஏறினார். உடன் ஏறியவர் தாணுலிங்கம். ஒரே நாளில் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருவரும். தாணுலிங்கம் வயரைப் பிடிப்பார், கோலப்பன் பற்றவைப்பார். எந்தக் கம்பத்திலும் அது மாறியதில்லை.

அந்தக் கம்பம் ஓடைக்கு மேலே நின்றது. தாணுலிங்கம் ஒரு முனையைக் குறடால் இறுக்கிக்கொண்டு, மறுமுனையை நனைத்த துணியைச் சுற்றி இடது கையால் பிடித்தார். கோலப்பன் வால்வைத் திறந்தார். கோல் இரைந்தது. செம்பு முனையை ஜாயிண்டில் வைத்தார்.

"சுடுதுடே கோலப்பா."

"கொஞ்சம் பொறு மக்கா."

காற்றில் கம்பம் ஆடியது. ஈயம் இளகிப் பாதி தூரம் ஓடி நின்றது. கோலப்பன் முனையை இன்னும் அழுத்தினார். அவர் கட்டைவிரல் வால்வின் மேலேயே இருந்தது. கைப்பிடி குளிர்ச்சியாக இருந்தது.

"சுடுதுடே."

"ஆச்சு, ஆச்சு. விட்டுராத."

தாணுலிங்கம் விடவில்லை. ஈயம் முழுச்சுற்றும் ஓடி, பளபளவென்று நின்றது. அப்படி ஒரு ஜாயிண்டை கோலப்பன் வாழ்நாளில் போட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் தாணுலிங்கத்தின் கையைப் பார்த்தார். துணியில் ஈரம் இல்லை. ஓரம் கருகியிருந்தது. துணி தோலோடு ஒட்டியிருந்தது.

தாணுலிங்கத்தின் வீடு தோவாளையில். ஊர் முழுக்கப் பூக்கட்டுகிற ஊர். அவர் மனைவி பகவதியின் வீட்டார் மாலை கட்டுகிறவர்கள். தாணுலிங்கம் கல்யாணத்துக்குப் பிறகு அவர்களிடம் பழகி, அவர்களைவிட நன்றாகக் கட்டினார். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துக் கட்டும் மாணிக்க மாலையில் அவர் கை வைத்தால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மடிப்பு எல்லாம் இடது கையின் மூன்று விரல்களில்தான் இருக்கிறது என்பார்.

அந்த மூன்று விரல்களும் புண் ஆறியபிறகு மடங்கவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு கோலப்பன் பார்க்கப் போனார். அதற்கு முன்னாலும் தெரு முனைவரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். பகவதி தரையில் பூவைக் கொட்டி வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து காப்பி போடப் போனாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கோலப்பனுக்குத் தோன்றியது.

"கோலு அணையவே இல்லல்லா," என்றார் தாணுலிங்கம். "அந்தக் காத்துல! நான் அசந்து போனேன் கேட்டியா."

கோலப்பன் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன்டே கைய எடுக்கல்ல?"

"எடுத்தா வயரு ஓடைக்குள்ள போயிரும்லா. அதும் போக, நீ பொறுன்னு சொன்ன."

"ரொம்ப சுடுதுன்னு சொல்லியிருக்கலாம்லா மக்கா."

தாணுலிங்கம் யோசித்தார். கோபமாக இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"சுடுதுன்னுதான் சொன்னேன். ரொம்பன்னு எப்படிடே சொல்லதுக்கு?"

உள்ளேயிருந்து பகவதி காப்பியோடு வந்தாள். தாணுலிங்கம் டம்ளரை வலது கையால் வாங்கிக்கொண்டார். இடது கை மடியில் கிடந்தது. அது பாட்டுக்கு விரிந்து கிடந்தது.

கோலப்பன் நேராகப் பட்டறைக்குப் போனார். கோலை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இதை உடைக்கணும் டீச்சர்."

டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காயம் பட்ட மறுநாளே ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவர்தான். ஆனால் கம்பத்தின்மேல் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதை யாரும் சொல்லவில்லை.

"உடைச்சிரலாம். அதுக்கு முன்ன ஒரு ஜாயிண்ட் போட்டுப் பாக்கேன். எங்க தப்பாப் போச்சுன்னு தெரியணும். வயரை நீங்க பிடிங்க."

கோலப்பன் துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு பிடித்தார். டீச்சர் கோலைப் பற்றவைத்து, குனிந்து, முனையை வைத்தார். முன்பக்கத் துளைகளிலிருந்து வந்த சூடு கோலப்பனின் விரல்களின்மேல் நேராக விழுந்தது. எப்படிச் சுடும் என்று அவர் நினைத்துப் பார்த்திருந்தார். நினைத்தது இவ்வளவு இல்லை. துணியிலிருந்து ஆவி வந்தது. தாணுலிங்கம் இங்கேதான் இருந்தான் என்று நினைத்துக்கொண்டார். கையை எடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். முடியவில்லை.

"சுடுது டீச்சர்."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் டீச்சர், ஈயத்தைப் பார்த்தபடியே.

கோலப்பன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் டீச்சருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். சட்டென்று வால்வை அடைத்தார். இரைச்சல் நின்றது. வெளியே காற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

"அவர்கிட்ட நீங்களும் இதைத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

டீச்சர் தன் கையையும் அதிலிருந்த கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் நினைச்சுச் சொல்லல அண்ணாச்சி. தானா வந்துச்சு. எனக்கு இங்க சூடு ஒண்ணுமே தெரியல."

வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கோலப்பனின் விரல்களை அதில் முக்கி வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அன்னைக்கு நானும் கைப்பிடியைத்தான் பிடிச்சுப் பாத்தேன்," என்றார். போகும்போது சுத்தியலை எடுத்து மேசைமேல், கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோலப்பன் சுத்தியலைத் தொடவில்லை. உடைத்துவிட்டு மலைக்குப் போனால் மறுபடியும் கரியடுப்பு, மறுபடியும் வாளி. ஒருமுறை வாளியின் கயிறு அறுந்து, பழுத்த கோல் கீழே நின்றவரின் தோளை உரசிக்கொண்டு விழுந்திருக்கிறது. அதுவும் தாணுலிங்கம்தான்.

தோட்டத்தில் தாணுலிங்கத்துக்குக் கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். காலையில் கோலப்பன் உள்ளே போகும்போது அவர் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். கோலப்பனும் தூக்கிக் காட்டுவார். முன்பெல்லாம் நின்று பேசுவார்கள். இப்போது கோலப்பனுக்கு நிற்க முடியவில்லை. ஒருநாள் தாணுலிங்கமே குரல் கொடுத்தார்.

"கோலு என்ன ஆச்சுடே?"

"வேல நடக்கு."

"சீக்கிரம் முடி. அடுத்த ஆடி வருதுல்லா."

கோலப்பன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டறைக்குப் போனார். மூச்சுத் துளைகளை மேல்பக்கம் வைத்துப் பார்த்தார். கம்பத்தில் இரண்டு பேர் நெருங்கி நிற்கும்போது மேலே எழும்பும் சூடு நேராக முகத்துக்குப் போனது. கீழ்ப்பக்கம் வைத்துப் பார்த்தார். வயரின் உறை உருகியது. இடம், வலம் என்று வைத்துப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நிற்பவனைச் சுட்டது. நெருப்பைக் குறைத்தால் ஈயம் உருகவில்லை. ஒவ்வொரு தடவையும் வயரைத் தானே பிடித்தார். கோலை டீச்சர் கையில் கொடுத்தார். கோலப்பனின் விரல்களில் சிறு சிறு தழும்புகள் விழுந்தன. அவற்றை அவர் மறைக்கவில்லை. அவற்றால் தாணுலிங்கத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பங்குனி மாத மத்தியானம் ஒன்றில் அவர் அதுவரை செய்து பார்த்த குழாய் மூக்குகளை எல்லாம் மேசைமேல் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் துளைகள் ஒவ்வொரு பக்கம் இருந்தன.

"எனக்கு வழி தெரியல டீச்சர்."

"என்ன தெரியல?"

"நெருப்பு எரிஞ்சா சூடு வெளியே வந்துதான் ஆகணும். அடைச்சா அணைஞ்சிரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரையாவது சுடுது. யாரையும் சுடாத பக்கம்னு ஒண்ணு இந்தக் கோல்ல இல்ல."

"இல்ல," என்றார் டீச்சர்.

"அப்ப எந்தப் பக்கம்தான் வைக்கச் சொல்லுதீங்க?"

டீச்சர் மேசைமேல் கிடந்த மூக்குகளைப் பார்த்தார். ஒன்றையும் எடுக்கவில்லை.

"வால்வு யார் கையில இருக்கு அண்ணாச்சி?"

"கோல் பிடிக்கிறவன் கையில."

"அவன் பக்கம் வைங்க. டாங்கை மட்டும் சூடு ஏறாம தக்கையைச் சுத்திக் காப்பாத்திருங்க."

கோலப்பன் கைப்பிடியை எடுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"டாங்கைக் காப்பாத்திரலாம். ஆனா அவன் கை சுடுமே டீச்சர்."

"சுடும்," என்றார் டீச்சர். "சுட்டா அடைச்சிருவான்."