குருவித் தினையும் கசந்த நாக்கும்

கூகைப்பட்டி ஜமீனில் காட்டுக்குருவிகளுக்கென்றே வீட்டுயரத்துக்கு ஒரு தினைக் குதிர் இருந்தது. குருவிகள் ஜமீன்தாருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் தினையைக் கொத்தும். நம்பாதவர்கள் குருவியைக் கேட்டுக்கொள்ளலாம்.

திடீரென்று தினை குறைந்துகொண்டே வந்தது. "எல்லாம் வண்டு தின்னுட்டுது எசமான். காவல்காரன் மாடக்கண்ணு தூங்குதான்" என்றார் காரியஸ்தர் அம்பலவாணர்.

"ஏலே, இனி ஒரு மணி குறைஞ்சாலும் நீ ஊரைவிட்டே போயிரணும்!" என்று உறுமினார் ஜமீன்தார்.

"வண்டை நான் பாத்துக்கிடுதேன் சாமி" என்றான் மாடக்கண்ணு. தினையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வேப்பிலைப் பொடியைக் கலந்து குதிருக்குள் நிரப்பினான். குருவிகளுக்குப் போடும்போது மட்டும் நன்றாக அலசிப் போட்டான்.

அந்த வாரமே காரியஸ்தர் அரண்மனைக்குள் பாய்ந்து வந்தார். "எசமான், இந்தப் பய தினையைப் பாழாக்கிட்டான்! ஒரே கசப்பு! காலையிலேருந்து என் நாக்கே விளங்கலை!"

மாடக்கண்ணு கைகட்டி நின்றான். "குருவிங்க ஒண்ணும் குறை சொல்லலையே சாமி. ஐயாவும் அதுங்களோட பந்தியில உக்காந்தாகளோ?"

ஜமீன்தார் சிரித்த சிரிப்பில் அரண்மனை ஓடு நாலு பறந்தது. குதிர்ச் சாவி மாடக்கண்ணுவின் இடுப்புக்கு வந்தது. அதற்கப்புறம் அந்தக் குதிர்ப் பக்கம் ஆறுகால் வண்டும் வரவில்லை, இரண்டுகால் வண்டும் வரவில்லை.